ஐந்து அளவுப்பலகைகளும் ஒரு டீசல் பம்பும்

செப்டம்பர் 2, புதன்

ஜீப்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. நேற்றும் இருந்ததா? நேற்று நான் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். விரலால் தொட்டு முகர்ந்தேன். டீசல்.

ஆற்றின் நீர்மட்டம் காட்டும் ஐந்து பலகைகளிலும் அளவு எடுத்தாயிற்று. மேலே பதினேழு கிலோமீட்டர், திரும்ப அதே பதினேழு. ஆற்றுக்குள் இறங்கி ஏறும் இடத்தில் வண்டி கொஞ்சம் இழுக்க மறுத்தது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ. இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

செப்டம்பர் 3, வியாழன்

தம்பியை மெல்ல நடத்திக் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். லாரி மேலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு அவன் என் குவார்ட்டர்ஸுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. குனிய முடியாது. ஆனாலும் ஜீப் அவனுடையது. அது விஷயத்தில் இந்த வீட்டில் அவன் டாக்டர், நான் கம்பவுண்டர்.

டார்ச் அடித்து என்ஜினின் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னான்.

"ரெண்டு போல்ட்ல ஒரு சின்ன பம்ப் மாட்டியிருக்கா? நாக்கு மாதிரி ஒரு லீவர் நீட்டிக்கிட்டு இருக்குமே."

இருந்தது. அதன் வயிற்றில் ஒரு பொட்டு ஓட்டை. அதிலிருந்துதான் சொட்டு.

"லிஃப்ட் பம்ப்க்கா. டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சி மேல அனுப்புறது அதுதான். உள்ள டயாஃப்ரம்னு ஒரு ரப்பர் சவ்வு இருக்கும், அது கிழிஞ்சிருக்கும். பம்பையே மாத்தணும்."

"அதுவரைக்கும் ஓட்டலாமா?"

"வேற வழி? மெதுவா ஓட்டு. தினமும் காலைல என்ஜின் ஆயில் பாரு. குறைஞ்சா சொல்லு."

குறைந்தால் சொல்ல வேண்டும். எழுதி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 5, சனி

ஆயில் சரியாக மேல் கோட்டில் இருக்கிறது. என் தலையில் டீசல் வாசனை. இரண்டு முறை குளித்தும் போகவில்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

அதிகாரி போன் செய்தார். செலவைக் குறைக்கும் பட்டியலில் எங்கள் நிலையமும் இருக்கிறதாம். மாதத்தில் மூன்று நாள் வரை அளவு விட்டுப்போகலாம், நாலாவது நாளும் விட்டால் நிலையத்தை மூடிவிட வேண்டியது, அதுதான் புது உத்தரவு. ஐந்தில் ஒரு பலகை விட்டாலும் அந்த நாள் விட்ட நாள்தான்.

"ஆபீஸ் வண்டி ஒண்ணு கிடைக்குமா சார்? இது ஒழுகுது."

"எங்க வண்டியே செங்கல்லு மேல நிக்குதும்மா."

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மூடினால் இந்த வீடும் போய்விடும். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவன் வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு வெளியே வந்து, படித்த கணிதத்துக்குக் கிடைத்த ஒரே வேலை என்று இங்கே வந்தேன். இப்போது பெட்டியோடு தம்பியையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அவன் மாடி ஏற மாட்டான். பஸ்ஸில் உட்கார மாட்டான்.

ஐந்தாம் பலகையில் ஏறுகிற தண்ணீர் கீழே பாலத்துக்கு வந்து சேர நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் காவலர் பாலத்தை மூட வேண்டும்; அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் நான் இங்கே இருக்கிறேன். அதிகாரிக்கு இது தெரியுமா? தெரியாமல் இருக்காது. பட்டியலுக்குத் தெரியாது.

பம்புக்குச் சொல்லியாயிற்று. வர பத்து நாள் ஆகும் என்கிறார் கடைக்காரர். பழைய மாடலாம்.

செப்டம்பர் 11, வெள்ளி

ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தேன். ஆயில் கோட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. சந்தேகப்பட்டு இன்னொரு முறையும் பார்த்தேன். மூன்றேதான். டீசலைத்தான் கொட்டுகிறது, ஆயிலையாவது குடிக்கவில்லையே என்று ஒரு நிம்மதி. இந்த மாதத்தின் முதல் நிம்மதி.

தம்பியிடம் சொன்னேன். "குறையலல்ல? அப்ப விடு" என்றான், படுத்தபடியே.

செப்டம்பர் 15, செவ்வாய்

காலையில் வண்டி கிளம்பவே இல்லை. டீசல் மேலே ஏறவில்லை. ரொம்பப் போராடி மதியத்துக்கு மேல் கிளம்பி, நேரம் போதாமல் மூன்றாம் பலகையோடு திரும்பிவிட்டேன்.

மூன்று நாளில் ஒன்று போயிற்று.

செப்டம்பர் 18, வெள்ளி

பம்ப் வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். இதற்காகவா இத்தனை நாள் வயிறு எரிந்தோம்?

அளவு எடுத்துவிட்டு வந்து மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். தம்பி நாற்காலியில், நான் மட்கார்டின் மேல் பாதி உடம்பைப் போட்டுக்கொண்டு. முதலில் இரண்டு குழாய்களையும் கழற்ற வேண்டும். டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றியதும் டீசல் முழங்கை வழியாக இறங்கி ஜாக்கெட்டுக்குள் போய்விட்டது.

"துணிய வச்சு அடைன்னு சொன்னேன்ல?"

"சொல்லவே இல்ல."

"சரி, நினைச்சேன்."

போல்ட் அசையவில்லை. ஸ்பேனரை நுனி விரலால் பிடித்திருந்தேன் போல.

"அக்கா, அது ஸ்பேனர், பேனா இல்ல. கையெழுத்தா போடப்போற? முழுக் கையால பிடி."

பிடித்தேன். அசைந்தது. பழைய பம்ப் கையோடு வந்தது. என்ஜினோடு ஒட்டிக்கிடந்த பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம். புதுப் பேக்கிங் வைத்து, புதுப் பம்பை நுழைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

இனிமேல் குழாயில் நிற்கிற காற்றை வெளியே தள்ள வேண்டும். ஃபில்டரின் மேல் இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டு, பம்பின் லீவரைக் கையால் அடிக்க வேண்டும். அடித்தேன். லீவர் செத்த நாக்கு மாதிரி தொளதொளவென்று ஆடியது. புதுப் பம்பும் பாழ், நம் ராசி அப்படி என்று அப்படியே நின்றுவிட்டேன்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காத. என்ஜின் உள்ள இருந்து அதைத் தள்ளிப் பிடிச்சிருக்கு. பெல்ட்டப் பிடிச்சு அரைச் சுத்து சுத்து."

சுற்றினேன். லீவருக்கு உயிர் வந்தது. நாற்பது, ஐம்பது அடி. திருகு வழியாக முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத சுத்த டீசல். இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. அடியில் அட்டை போட்டுக் கால் மணி நேரம் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

தம்பி என்னைப் பார்த்து, "கம்பவுண்டருக்கு பிரமோஷன்" என்றான். அவன் சிரித்துப் பார்த்தே மாதக்கணக்காகிறது.

"ஆயிலும் மாத்திடலாமாக்கா, கையோட?"

"எதுக்கு? கோட்டுக்கு மேல நிறைஞ்சிருக்கு. தினம் பாக்கிறேன்ல."

"நீ பாத்தா சரிதான்" என்றான்.

செப்டம்பர் 19, சனி

ஐந்து பலகைகளும். பதினொன்றரைக்கே வீடு. வழியில் நான் எதையோ முணுமுணுத்துப் பாடியிருக்கிறேன்.

செப்டம்பர் 22, செவ்வாய்

முதல் பலகை தாண்டிய ஏற்றத்தில் அடியிலிருந்து ஒரு சத்தம். சுத்தியலால் பாத்திரத்தைத் தட்டுவது போல் - டொக், டொக். ஆயில் விளக்கு எரிந்தது. நிறைய ஆயில் இருக்கிறதே, விளக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். ஏன் ஓட்டினேன்? ஏன் நிறுத்தவில்லை?

பிறகு அதுவே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு ஒலி, அத்தோடு சரி.

கீழே வந்த டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டில் விட்டார். "கல்லு மாதிரி இறுகிக்கிச்சேம்மா" என்றார்.

இரண்டு.

செப்டம்பர் 23, புதன்

என்ஜினுக்கு அடியில் இருக்கிற அடைப்பைத் திறந்து ஆயிலை இறக்கச் சொன்னான் தம்பி. நான் படுத்துத் திறந்தேன். ஆயில் தேன் மாதிரி இறங்கும். இது தண்ணீர் மாதிரி சடசடவென்று தொட்டியில் கொட்டியது. தொட்டி நிறைந்து வழிந்தும் நிற்கவில்லை.

"விரல்ல தொட்டுக் காட்டு" என்றான். நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, தன் விரலிலும் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

"டீசல்க்கா. அந்த டயாஃப்ரம் வெளிய ஒழுகினதவிட உள்ள அதிகமா ஒழுகியிருக்கு. நேரா ஆயிலுக்குள்ள. அதான் ஏறியிருக்கு."

ஏறியிருக்கிறது. நான் அதை அளந்தேன். மூன்று மில்லிமீட்டர் என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன், பதினோராம் தேதி, சந்தோஷமாக. பதினோரு வருஷமாக மட்டம் பார்ப்பதே என் தொழில். தண்ணீர் இரண்டு விரல் ஏறினால் மேலே எங்கே மழை என்று கேட்கிறவள். கம்பியில் ஆயில் ஏறியதே, யாரும் ஊற்றாமல் எப்படி ஏறும் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாமே. ஒரு தடவை முகர்ந்து பார்த்திருக்கலாமே.

"நான்தாண்டா கெடுத்தேன்."

"நானும்தான். குறைஞ்சா சொல்லுன்னேன். ஏறினா சொல்லுன்னு சொல்லலியே. அப்புறம்... நீ படிச்சவ, நீ பாத்தா சரியா இருக்கும்னு இருந்துட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பேரிங்கும் கிராங்கும் போய்விட்டதாம். இனி இது வண்டி இல்லை, இரும்பு.

மூன்று.

செப்டம்பர் 24, வியாழன்

விடியும் முன்னே நடந்தேன். முதல் பலகை, மூன்றாவது கிலோமீட்டரில்: 0.61 மீட்டர். இரண்டாவது, ஏழாவதில்: 0.78. அதற்கப்புறம் ஆற்றுக்குள் இறங்க வேண்டும். ஜீப்பில் அது சக்கரம் நனைகிற ஆழம். காலால் இறங்கினால் தொடை வரை, கல் வழுக்குகிறது, தண்ணீர் தள்ளுகிறது. இரண்டு முறை இறங்கினேன். இரண்டாவது முறை விழுந்தேன். கரையில் உட்கார்ந்து ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டே அழுதேன் - யாரும் இல்லை, அழுதால் என்ன.

திரும்பிவிட்டேன்.

பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்றைய வரிசையில் கடைசி மூன்று பலகைகளின் கட்டங்கள் காலி. இன்றும் விட்டால் நாலாவது நாள். உள்ளே தம்பி இருமிக்கொண்டிருந்தான்.

மழை இல்லை, ஆறு இறங்குமுகம். கடைசியாக எடுத்த அளவிலிருந்து ஒவ்வொன்றிலும் மூன்று சென்டிமீட்டர் குறைத்தால் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இது பொய்யா, மதிப்பீடா? வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்லித் தந்திருக்கிறார்கள். மூன்று எண்களையும் எழுதினேன்.

கண்ணால் பார்க்காத எண்ணை இந்தப் பதிவேட்டில் நான் எழுதியதே இல்லை.

செப்டம்பர் 26, சனி

முதல் பலகை வரைக்கும் போனேன். மற்ற நாலும் மதிப்பீடு.

செப்டம்பர் 29, செவ்வாய்

ஆற்றில் விழுந்ததில் வந்த முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. காலையிலேயே எழுதி முடித்துவிட்டேன்.

"இன்னிக்குப் போகலையா?" என்றான் தம்பி.

"எழுதிட்டேன்."

கதவோரம் இருந்த என் செருப்பைப் பார்த்தான். நேற்றுக் கழுவியது, சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாலத்துக் காவலர் வழக்கம் போல் போன் செய்து கேட்டார். ஐந்தாம் பலகையின் எண்ணைச் சொன்னேன். "சரிம்மா" என்று குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 1, வியாழன்

ராத்திரி இங்கே கொஞ்சம் மழை. மேலே எவ்வளவோ. எட்டு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டேன். ஏன் எட்டு? ஏன் பதினெட்டு இல்லை?

அக்டோபர் 3, சனி

பழைய இரும்புக்காரர் வந்து ஜீப்பை ஏற்றிக்கொண்டு போனார். தம்பி வெளியே வரவில்லை.

அக்டோபர் 6, செவ்வாய்

அதிகாரியே போன் செய்தார். செப்டம்பர் பதிவேடு மேலே போய்விட்டதாம். மூன்று நாள்தான் விடுபட்டிருக்கிறது, வரம்புக்குள் இருக்கிறது. பட்டியலிலிருந்து எங்கள் நிலையத்தை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷத்துக்கு உத்தரவு.

"அதுலயும் மாசக் கடைசி எண்கள் ரொம்ப சீரா இருக்குன்னு மேல பாராட்டினாங்கம்மா. முன்னாடியெல்லாம் ஏறி இறங்கி ஒரே குழப்பமா இருக்கும். இப்படியே அனுப்பிட்டு இருங்க."

"சரி சார்" என்றேன்.

தம்பியிடம் வீடு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினான். எப்படி என்று கேட்கவில்லை.

மதியம் சும்மா படுத்துக் கிடந்தேன். மேற்கே, ஐந்தாம் பலகைப் பக்கம், கறுத்துக்கொண்டு வருகிறது. நாளைய அளவுகளையும் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.