மீட்டருக்கு வைத்த பொட்டு

இன்று காலை பள்ளி ஆய்வகத்தில் சந்தனம் கரைத்தார்கள், அப்பா. ஆயுத பூசைக்காக நுண்ணோக்கி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். அந்த வாசனை தாங்காமல் வராந்தாவுக்கு வந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

செல்லூர் சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டியைக் கழுவுவது உங்கள் வேலை. விஷவாயு இருந்தால் அலறும் மீட்டர் ஒன்று அங்கே இருந்தது. அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி, பொறுமையாகக் காத்திருந்து, அது கத்தாவிட்டால்தான் இறங்குவீர்கள். சாப்பாடு கொண்டுவரும்போது நான் பார்த்திருக்கிறேன்.

"என்ன மாப்ள, அயிரை மீனு சிக்குச்சா?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"சிக்குனா அதுவே சொல்லும், பேசாம இருடா" என்பீர்கள்.

சென்ற ஆண்டு பூசை முடிந்து பட்டறை திறந்த அன்று, தொட்டியிலிருந்து உங்களைத் தூக்கித்தான் எடுத்தார்கள்.

காரியம் முடிந்ததும் மேனேஜர் மீட்டரோடு வீட்டுக்கு வந்தார். "மிஷின் நல்லாத்தேன் இருக்கு அக்கா. அண்ணேதான் பார்க்காம எறங்கிட்டாரு. விசாரணையில நீங்களும் அப்படியே சொல்லிருங்க" என்றார்.

நான் மீட்டரை வாங்கிப் பார்த்தேன். காற்று நுழையும் சல்லடையின்மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது, நடுவில் குங்குமம். மீட்டரின் மூக்கைப் பொத்திவிட்டு மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பூசைச் சந்தனத்தை நம்மில் யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். அந்தச் சல்லடையை அடைக்கக் கூடாது என்று பட்டறையில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

"அண்ணே, உங்க லைட்டரைக் குடுங்க" என்றேன் மேனேஜரிடம்.

பற்றவைக்காமல் வாயுவை மட்டும் மீட்டரருகே விட்டேன். சத்தமே இல்லை. ஊக்கால் பாதிச் சந்தனத்தை மட்டும் சுரண்டினேன். மீதி சாட்சிக்கு வேண்டும். மறுபடி விட்டேன். தெருவே எட்டிப் பார்க்கும்படி அலறியது.

"நிப்பாட்டு பாப்பா" என்றார் மேனேஜர்.

"கத்தட்டும்" என்றார் அம்மா. "அன்னைக்குக் கத்த வேண்டியது. மீட்டரு இங்கதேன் இருக்கும். விசாரணைக்கு நாங்களே கொண்டு வாரோம்."

ஓராண்டு இழுத்த அந்த விசாரணை அடுத்த வாரம். 'படிக்கிற புள்ளைக்கு எதுக்கு வம்பு' என்று பட்டறையிலிருந்து ஆள்மேல் ஆள் சொல்லியனுப்புகிறார்கள். அனுப்பட்டும். எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் நான் முதலில் சொல்லப்போவது இதைத்தான்: எங்கள் அப்பா பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.