மஹய்யாவப் பச்சைப் புள்ளிகள்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். அம்பிட்டிய அறையில் உடுப்புக் காயவில்லை, ஒரே ஈர மணம். யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். லைன் இல்லை. அம்மா என்ன செய்கிறாவோ.

ஞாயிறு விளையாட்டுக்கு: புரொஜெக்டர் இரவல், நீண்ட வயர், பிஸ்கட், சீனி. கொம்பியூட்டர் விளையாட்டு என்றதும் சனம் சிரிக்கிறது. சிரிக்கட்டும். கண்டி மஹய்யாவக்காரரே தங்கள் தெருவுக்குக் கரண்ட் திட்டமிட வேண்டும். எந்தக் கூரையில் சூரியத் தகடு, எந்த வீடுகள் சேர்ந்து ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி, அதுதான் ஆட்டம். வீடு வீடாகப் போய்ப் பெயரும் கரண்ட் பில்லும் எழுதி, வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்தாயிற்று. சனம் வராவிட்டால் திட்டம் வேறு ஊருக்காம். எங்கள் திட்டப் பொறுப்பதிகாரி சொல்லிவிட்டார்.

எனக்குச் செல்வராணி அக்கா வந்தால் போதும். சந்தியில் இடியப்பம் அவித்து விற்கிறவர். கண்டியில் என்னோடு வாய்விட்டுக் கதைக்கிற ஒரே ஆள்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மண்டபத்தில் கதிரை எல்லாம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு குருவிகூட இல்லை. கடைசியில் செல்வராணி அக்கா மட்டும், குடையோடு.

"யாரும் வர மாட்டாங்க மிஸ். கோவிச்சுக்காதீங்க."

ஏனாம்? எரிச்சல் எனக்கு. அக்கா திரையைக் காட்டினார்.

"இந்தப் பச்சை எல்லாம் எங்க வீடுதானே? எம்பத்திமூணு கலவரத்துல வந்தவனுங்க சும்மா வரல மிஸ். எது தமிழாளு வீடுன்னு லிஸ்டு எழுதிக் கையில வச்சிருந்தானுங்க. பக்கத்து வீட்ட விட்டுட்டு எங்க வீட்டத்தான் கொளுத்துனானுங்க."

கொழும்பில் எங்கள் மாமா வீடும் அப்படித்தானே எரிந்தது. தெரிந்தும் புள்ளி வைத்திருக்கிறேன். மண்டையில் என்ன களிமண்ணா?

"அழிக்கிறன் அக்கா. நீங்கள் பாத்துக்கொண்டு இருங்கோ."

பெயர், பில், புள்ளி, பிரதி. ஒன்றும் மிச்சமில்லை.

பிறகு வெறும் தெருவை வைத்து இருவருமே விளையாடினோம். அக்கா ஒருவரே நாலு குடும்பம். பக்கத்து வீட்டு மாமா போல இருமி, "சம்பளம் வரட்டும், பாப்போம்" என்றார். தகடு எல்லாவற்றையும் கோயில் கூரையில் வைத்தார். "சாமிக்கு யாரு பில்லு அனுப்புவா?" வயிறு நோகச் சிரித்தேன். எத்தனை காலம் இப்படிச் சிரித்து!

"வியாழக்கெழம வாங்க, ஆட்டத்த முடிப்போம். சோறு நம்ம வீட்டுல."

ஒக்டோபர் 20, திங்கள்

பொறுப்பதிகாரி குதித்தார். விபரம் இல்லாமல் என்ன திட்டம்? மாத முடிவோடு எனக்கு வேலை இல்லை. போகட்டும். இன்னொன்றும் சொன்னார். வீடு எழுதித் திரிந்த யாழ்ப்பாணப் பெண் யார் என்று பொலிசார் மஹய்யாவவில் விசாரிக்கிறார்களாம்.

ஒக்டோபர் 23, வியாழன்

மழை விட்டிருந்தது. நீலச் சேலை. கையில் கொஞ்சம் திராட்சை.

அக்காவின் கடை வாசலில் சீருடை இல்லாத இரண்டு பேர், பிளேன்ரீக் கோப்பையோடு. ஒருவன் சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். "கொம்பியூட்டர் நோனா" என்பது மட்டும் எனக்கு விளங்கியது. கொம்பியூட்டர் அம்மா, நான்தான்.

அக்கா என்னைக் கண்டார். என் முகத்தைப் பார்த்தபடியே அவனுக்குச் சொன்னார்: "தன்னே நே மாத்தயா." தெரியாது ஐயா என்று.

பிறகு குனிந்து இடியப்பத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் நிற்கவில்லை. வழிப்போக்கர் போல நடந்துவிட்டேன். அவர் செய்ததுதான் சரி. வேறு என்ன செய்வார், பாவம். பஸ்ஸில் அழுதேன், யாரும் கேட்கவில்லை.

இனி அந்தத் தெருவால் போகக்கூடாது.