வெள்ளிப் பேனாவில் பதினாலு

என் செல்லச் சண்டைக்காரி எஸ்தருக்கு,

நீ போய் ஒரு வருஷமாகிறது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் உன் ஷூ கம்பெனி வேன் நின்றால் இன்னமும் ஜன்னலோரம் உன்னைத் தேடுகிறேன். எதற்கென்று கேட்காதே.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். வீட்டுச் சுவரை நாலு வருஷம் அடைத்துக்கொண்டிருந்ததே என் வரைபடம், ஞாபகம் இருக்கிறதா? கோண்டுவானா என்று ஒரே நிலமாக இருந்த இந்தியாவும் அண்டார்டிகாவும் எப்படிப் பிரிந்தன என்பதுதான் என் ஆராய்ச்சி. கடலுக்கடியில் நிலம் முடிகிற ஓரங்களை வெட்டி வைத்துப் பொருத்திக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் இடித்தது, ஒரு பக்கம் சந்து விழுந்தது.

வேலை முடிந்து வந்த நீ, டீ டம்ளரோடு நின்று பார்த்தாய்.

"இன்னாண்ணா, ஓரத்த வச்சா ஜோடி சேர்ப்பாங்க? தோல இழுத்தா ஓரந்தான் ஜாஸ்தி நீளும். உள்ள ஓடுற ரேகைய பாரு."

அதோடு விட்டாயா? ஒரே தோலில் வெட்டிய இடது கால் துண்டுக்கும் வலது கால் துண்டுக்கும் பின்பக்கம் ஒரே நம்பர் போடுவீர்களே, அந்த வெள்ளிப் பேனாவை எடுத்தாய். ஆந்திரக் கரையோர மலையில் நான் வரைந்திருந்த பாறை மடிப்புக் கோடுகள் மேல் ஒரு பதினாலு. அண்டார்டிகாவில் அதே போக்கில் ஓடும் கோடுகள் மேல் இன்னொரு பதினாலு.

"உன் செருப்பு வேலைய இதுல காட்டாத" என்றேன். நீ பேனாவை மூடிவிட்டுச் சோறு போடப் போய்விட்டாய். அந்த வார்த்தையை இப்போது யாரிடம் திரும்ப வாங்குவேன்? அந்தச் செருப்பு வேலைதான் என்னைப் படிக்க வைத்தது.

நீ போன பிறகுதான் அந்த இரண்டு நம்பரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தேன். கோடு கோட்டோடு சேர்ந்தது. பிரிவதற்கு முன் அந்த ஓரம் இழுபட்டு, மெலிந்து, கடலுக்குள் அமிழ்ந்திருக்கிறது. மேலே ஆறுகள் மண்ணைக் கொட்டி மூடிவிட்டன. பாறையைப் பார்த்துச் சேர்ப்பது உலகத்துக்குப் புதிதல்ல. ஓரத்தையே பிடித்துத் தொங்கிய மண்டு நான்தான்.

போன வாரம் வைவா. தேர்வாளர் நான் கொண்டுபோன வரைபடத்தில் உன் வெள்ளி எழுத்தைக் காட்டி, "இந்த எடத்த யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். 'நான்தான்' என்பது தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"என் தங்கச்சி சார். ஷூ கம்பெனில ஜோடி பார்க்கிறவ" என்றேன். பார்த்தவ என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்குப் பட்டம் உறுதியாகிவிட்டது. அச்சுக்கு முன் படத்தைச் சுத்தமாக வரைந்து தரச் சொல்கிறார்கள். வரைவேன். ஆனால் இரண்டு பதினாலும் அதே இடத்தில் இருக்கும், கீழே உன் பேர் இருக்கும். இது சத்தியம்.

உன் பேனா இன்னும் எழுதுகிறது. இந்தக் கடிதத்தின் பின்பக்கம் ஒரு பதினாலு போட்டிருக்கிறேன். நான் வந்து சேரும்போது ஓரத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதே, நம்பரைப் பார்.

வாய் நீண்ட உன் அண்ணன்,
சாமுவேல்