மஞ்சள் சேலையில் உலரும் மண்

அக்கா,

காலையிலிருந்து வீடு முழுக்க ஈர மண் வாசனை. நடையில் உங்கள் பழைய மஞ்சள் நூல்சேலையை விரித்து, இரண்டு காட்டு மண்ணையும் தனித்தனியாக நிழலில் உலர்த்தியிருக்கிறேன். நடுவில் கிழிந்திருந்ததைத் தைத்துவிட்டேன். இப்போதே பரிசோதனைக்குக் கொடுத்தால்தான் கடலை விதைப்புக்கு முன்னால் முடிவு கைக்கு வரும்.

நிலத்தைப் பாகம் பிரித்த வருடம் நினைவுக்கு வந்தது. மூத்தவரான உங்கள் வீட்டுக்காரருக்கு மேட்டுக்காடு, தம்பியான என் வீட்டுக்காரருக்குப் பள்ளக்காடு. முதல் போகத்திலேயே எங்கள் கடலை வெளுத்து மஞ்சளாக நின்றது. உங்கள் பக்கம் கரும்பச்சை. இவர் யூரியாவைக் கொட்டினார். பயிர் அசைந்து கொடுக்கவில்லை. மறுபடியும் கொட்டினார். "தெரிஞ்சேதான் நமக்குச் சத்தில்லாத காட்டைத் தள்ளிவுட்டுட்டாங்க" என்று பொருமினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. ஓரகத்திகள் நாம் இருவரும் ஒரே போர்க்குழாயில் தண்ணீர் பிடித்தபடி அவரவர் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒருநாள் நீங்கள்தான் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றீர்கள்.

"வா சாமி, ரெண்டு காட்டு மண்ணையும் டெஸ்டுக்குக் குடுப்போம். உங்க காடு மட்டம்னு வந்தா மாத்திக்கலாம். நாங்க பள்ளத்துக்கு வந்தர்றோம்."

"மாமா ஒத்துக்குவாங்களாக்கா?"

"அவர நான் பாத்துக்கறேன்."

வரப்போரம் வேண்டாம், எருக்குப்பை கிடந்த இடம் வேண்டாம், மரத்தடி வேண்டாம் என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வந்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே, பயிர் வரிசைகளுக்கு நடுவே அங்கங்கே அரையடி ஆழம் வெட்டினீர்கள். உலர்த்துவதற்கு நான் காலி யூரியாச் சாக்கை விரித்தேன். பிடுங்கி எறிந்தீர்கள். "இதுல கொட்டுனீன்னா மண்ணையா டெஸ்ட் பண்ணுவாங்க? சாக்கைத்தான் பண்ணுவாங்க!" கையோடு வீட்டுக்குப் போய் இந்தச் சேலையை எடுத்து வந்தீர்கள்.

மண்ணைக் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். தள்ளிக்கொண்டே, "நாலு பாகம் போட்டு ரெண்டத் தூக்கி எறியறோம், ஒருத்தராச்சும் சண்டைக்கு வாராங்களா பாரு" என்றீர்கள். முகத்தைத் தூக்கி வைத்திருந்த நான் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன்.

பயிர் கைவிட்டுப் போவதற்குள் முடிவு வந்துவிட்டது. பள்ளக்காட்டில் யூரியா தரும் தழைச்சத்துக்குப் பஞ்சமில்லை, சுண்ணாம்புதான் அதிகம். அதனால் பயிருக்கு இரும்புச்சத்து கிட்டவில்லை. யூரியாவை நிறுத்திவிட்டு, இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளிக்கச் சொல்லியிருந்தார்கள். மேட்டுக்காட்டில் அந்தக் குறை இல்லை. அதை நீங்கள் மூடி மறைக்கவில்லை. எல்லோரையும் உட்கார வைத்து நீங்களே படித்துக் காட்டினீர்கள். மாமாவின் முகம் சுருங்கியது.

"சொன்னது சொன்னதுதானுங்க. காட்டை மாத்திக்குவோம்" என்றீர்கள் அவரைப் பார்த்து.

என் வீட்டுக்காரர் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "இருக்கட்டுங்க நங்கையா. மருந்தடிச்சுப் பாக்கறேன்" என்றார். பாகம் பிரித்தபின் அண்ணியான உங்களை அவர் முறை சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

தெளித்த சில நாட்களில் கொழுந்து பச்சை கட்டியது. அதை முதலில் பார்த்துச் சொன்னதும் நீங்கள்தான்.

முடிவு எப்படி வரும் என்று தெரியாமலே நல்ல காட்டை விட்டுக்கொடுக்கத் துணிந்தீர்களே அக்கா, அந்த மனசு யாருக்கு வரும்? அப்போதே நன்றி சொல்லியிருந்தால், "போ சாமி, வேலையப் பாரு" என்று விரட்டியிருப்பீர்கள். இப்போது விரட்ட முடியாது. சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் போய்ச்சேர்ந்தபிறகு மாமா உங்கள் மகனோடு இருக்கிறார். மேட்டுக்காட்டையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மண் பையின்மேல் விவசாயி பெயர் எழுத வேண்டும். பள்ளக்காட்டுப் பையில் என் பெயர், மேட்டுக்காட்டுப் பையில் உங்கள் பெயர். போன தடவை பையை வாங்கிக்கொண்ட பெண் உங்கள் பெயரைக் காட்டி, "இவங்க வரலீங்களா?" என்று கேட்டாள்.

"அவங்க காடுதானுங்க. நாந்தான் எடுத்தாந்தேன்" என்றேன்.