முதல் வரியில் எழுதிய முடிவு

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போடுகிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து நாளாக விடைத்தாள் திருத்தும் வேலை. பெரிய கூடம், மேசைக்கு ஆறு பேர், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கல். எல்லாத் தாளிலும் அதே ஐந்து மதிப்பெண் கேள்வி: a, b இரண்டும் மிகை எண்கள் என்றால் a/b, b/a இவற்றின் கூடுதல் இரண்டுக்குக் குறையாது என்று நிறுவ வேண்டும். எந்த எண்ணின் வர்க்கமும் பூஜ்யத்துக்குக் குறையாது, அங்கே தொடங்கினால் மூன்றே வரி. நேற்று ஒரு பிள்ளை நிறுவ வேண்டியதையே முதல் வரியாக எழுதி, இருபுறமும் ab-ஆல் பெருக்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் (a−b)² ≥ 0, இது உண்மை, ஆகவே நிறுவப்பட்டது என்று அடிக்கோடு போட்டிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக. நான் மூன்று போட்டேன். நாங்கள் தராசு என்று பெயர் வைத்திருக்கும் தலைமைத் திருத்துநர் எட்டிப் பார்த்து, "என்ன மேடம் இவ்வளவு கஞ்சத்தனம்? எல்லா வரியும் சரியாத்தானே இருக்கு, அஞ்சைத் தூக்கிப் போடுங்க" என்றார். ஒன்றும் இரண்டும் சமம் என்று எழுதி இருபுறமும் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யமும் பூஜ்யமும் சமம், அதுவும் உண்மைதான், அதனால் ஒன்றும் இரண்டும் சமமாகிவிடுமா என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரி, "இவங்ககிட்ட மாப்பிள்ளை பார்க்கச் சொன்னா, முதல்ல மாப்பிள்ளைன்னு ஒருத்தர் இருக்காரான்னு நிரூபிக்கச் சொல்வாங்க" என்றாள். கூடமே சிரித்தது, நானும்தான். அப்பா இருந்திருந்தால் நாலு போட்டுச் சமரசம் செய்யச் சொல்லியிருப்பார்.

சாயங்காலம் சித்தி போன் செய்தாள். பேச்சுவாக்கில், "குட்டிக்கு அங்கேயே நிரந்தர வேலை தர்றாங்களாமே, இருபதாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம், உன்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு இருக்கா அவ" என்று உளறிவிட்டாள். அவளைத் திட்டாதே. நான் உன் அறையில் போய் உட்கார்ந்தேன். போன மாதம் வெளிர்பச்சை அடித்து வைத்தேன், உனக்குச் சொல்லவில்லை. ஜன்னலோரம் புது மேசை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. தலைமையாசிரியை பதவி வெளியூரில் வந்தபோது, மகள் ஒப்பந்தம் முடிந்து ஜூனில் வந்துவிடுவாள் என்று சொல்லி வேண்டாம் என்றேன். நீ வருவதாக ஒருநாளும் சொன்னதில்லை குட்டி, "பார்க்கலாம்மா" என்றுதான் சொன்னாய். முதல் வரியை எழுதியவள் நான். அதன்கீழ் வர்ணம், மேசை, பதவி என்று வரிவரியாக இறங்கி, அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் விடையை நினைவிலிருந்து எழுதி, கீழிருந்து மேலே படித்துப் பார்த்தேன். ab மிகை எண் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், ஒவ்வொரு படியும் தாங்குகிறது. பிறகு என்னுடையதையும் அப்படியே படித்தேன். தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும் அல்லவா: உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, உன் குரலில் இப்போதெல்லாம் களைப்பு இல்லை, இங்கே இருந்தபோது நீ இப்படிச் சிரித்ததில்லை. இங்கிருந்து நீ திரும்பி வருவாய் என்ற வரிக்கு ஏற ஒரு படியும் கிடைக்கவில்லை.

தனிமையாக இல்லை என்று எழுதினால் அது பொய். கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி அளக்கிறது, மறுநாள் மிச்சத்தை அடுப்பருகே நின்றபடியே சாப்பிடுகிறேன். ஆனால் அது என் தாளில் உள்ளது, உன் விடைக்குள் அதைக் கொண்டுவராதே. உனக்குச் சரியென்று படுவதை அவர்களுக்கு எழுதி அனுப்பு, அனுப்பிய பிறகு எனக்குச் சொல், முன்னால் வேண்டாம்.

காதுவலிக்கு மருத்துவரைப் பார்க்கிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்கிறாய், பார்த்துவிடு. எங்கிருந்தாலும் நிம்மதியாக இரு, நன்றாக இரு. மேசையின் உறையை இன்று பிரித்துவிட்டேன், இந்தக் கடிதத்தை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். உயரம் எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

உன்
அம்மா