பத்து மணி, நாற்பது அடி

பிப்ரவரி 12, திங்கள்

இன்று பதினோரு மீன் காட்டினேன். அதில் நான்காவது நிஜமாக இருந்திருக்கலாம்.

என் படகில் மீன் பிடிக்க வந்திருக்கும் ஓஹாயோ பல் டாக்டருக்கு இது மூன்றாம் நாள். சட்டையில் பதினான்கு பை, ஒவ்வொரு பையிலும் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கயிறு. படகில் ஏறினால் கழுத்துமணி கட்டிய ஆடு ஏறுகிற சத்தம் வருகிறது. அவர் முன்னால் நிற்பார், நான் பின்னால் பரண் மேல் நின்று கழி ஊன்றித் தள்ளுவேன். படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி, இடது பக்கம் பத்து, வலது பக்கம் இரண்டு என்று மூன்று நாளாகச் சொல்கிறேன். "பத்து மணி, நாற்பது அடி, மூணு மீன், போடுங்க டாக்டர்!" என்று கத்தினால் இடது பக்கம் திரும்பாமல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பிறகு வீசினார். தூண்டில் முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சி போய் அவர் தொப்பியிலேயே மாட்டிக்கொண்டது.

"போச்சே டாக்டர், நிழல் பட்டு ஓடிருச்சு."

"ஆமா ஆமா, பார்த்தேன். நடுவுல இருந்தது எவ்வளவு பெருசு!"

என்னத்தைப் பார்த்தாரோ. அங்கே என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது. இங்கே எல்லாரும் தேடி வருகிற மீன் போன்ஃபிஷ், அது மணல் நிறம். நல்ல கண்ணுக்கே மீன் தெரியாது, மீனின் நிழல்தான் தெரியும். எனக்கு அக்டோபரிலிருந்து அந்த நிழலும் தெரிவதில்லை. தண்ணீர் பாதி ஏறியிருந்தது, காற்று கிழக்கே. அந்த முனையில் மீன் இருந்தே ஆகவேண்டும் என்று இருபத்தாறு வருட அனுபவம் சொல்லிற்று. அதை நம்பித்தான் கத்தினேன்.

பிப்ரவரி 13

இடது கண் பால் கலந்த தண்ணீர். வலது கண் அதைவிடக் கொஞ்சம் தேவலை.

பிப்ரவரி 15, வியாழன்

டாக்டருக்கு மீன் மாட்டிவிட்டது! நான் சொன்ன இடத்தில் இல்லை. கொட்டாவி விடும்போது பூச்சி தானாக விழுந்த இடத்தில். அதையும் அவர் பாதி கெடுத்தார். கடித்தவுடன் நூலைக் கையால் இழு, கம்பைத் தூக்காதே, தூக்கினால் முள் கழன்றுவிடும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும், ஆற்றுமீன் பிடித்துப் பழகியவர்கள் அத்தனை பேரும் கம்பைத்தான் தூக்குவார்கள். இவரும் தூக்கினார். அந்த மீனுக்கு என்ன கஷ்டமோ, அப்படியும் விடவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினார்.

சாயந்திரம் விருந்தாளிகள் எழுதுகிற விடுதிப் புத்தகத்தில் 'பிரெஸ்காட்டின் கண்கள் ஓர் அதிசயம்' என்று எழுதினார். முதலாளி கிளமென்ட் அதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு என் தோளில் கைபோட்டான்.

"வாசல்ல புது போர்டு வைக்கப்போறேன்யா. உன் மூஞ்சி, ரெண்டு கண்ணு மட்டும் இவ்ளோ பெருசா. 'கழுகுக் கண் பிரெஸ்காட்'. நாசோ டவுன்ல பெயிண்டருக்குச் சொல்லியாச்சு."

மற்றப் படகோட்டிகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது?

பிப்ரவரி 17, சனி

விருந்தாளிக் கூட்டம் மாறுகிற நாள். டாக்டர் கலகலத்துக்கொண்டே விமானம் ஏறினார். எனக்கு வந்திருப்பது தனியாக ஒரு அம்மா: மிஸஸ் ஹால்வர்சன், மினசோட்டா. வயது எழுபதைத் தொடும். சட்டையில் ஒரே பை. கம்பின் கைப்பிடியில் மின்சார டேப் சுற்றியிருக்கிறது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாராம். இந்த ஐந்து நாளுக்காக நான்கு வருடம் சேர்த்தாராம். இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கேயோ குத்திற்று.

பிப்ரவரி 19, திங்கள்

இந்த அம்மா சரியில்லை.

பத்து மணி, நாற்பது அடி என்றேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பி ஒரு பார்வை. அப்புறம் நான் சொன்ன இடத்தில் அழகாக, சத்தமே இல்லாமல், நாற்பது அடியில் பூச்சியை வைத்தார். இருபத்தாறு வருடத்தில் நாலைந்து பேர்தான் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றும் கடிக்கவில்லை. "ஓடிருச்சு மேடம்" என்றேன். "அப்படியா?" என்றார். நாள் முழுவதும் அந்த ஒரு வார்த்தைதான்.

ஒருவர் 'பார்த்தேன் பார்த்தேன்' என்று பொய் சொல்லாவிட்டால் இந்தத் தொழில் எவ்வளவு கஷ்டம்!

பிப்ரவரி 20, செவ்வாய்

காலையில் சண்டை. அம்மா வாழைப்பழ ரொட்டி கொண்டுவந்திருந்தார், அவர் கையாலேயே சுட்டதாம். வாழைப்பழம் படகில் ஏறினால் மீன் கிடைக்காது. இது எங்கள் தீவில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"இது பழம் இல்லையே, ரொட்டி."

"உள்ள இருக்கறது பழம்தானே மேடம்?"

அவர் துறையிலேயே நின்று, ரொட்டி முழுவதையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறினார். வயிற்றில் வைத்து ஏற்றிக்கொண்டு வருகிறவரை நான் என்ன செய்ய முடியும்?

மதியம் வரை ஒன்றுமில்லை. ஏழு மீன் காட்டினேன். ஏழு தடவையும் அழகாக வீசினார். கடைசியில், "நான் அப்பவே சொன்னேன் மேடம், எல்லாம் அந்த வாழைப்பழத்தால வந்த வினை" என்றேன். அப்போதுதான் அவர் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிரெஸ்காட், நேத்தும் அங்க மீன் இல்லை. இன்னிக்கும் இல்லை. நீங்க பத்து மணின்னு கத்தினப்போ நாலு மணிப் பக்கமா ஆறு மீன் போச்சு. வரிசையா. நம்ம படகை ஒட்டியே."

கழியை ஊன்றிப் படகை நிறுத்தினேன். "அப்போ ஏன் சொல்லலை?"

"நீங்கதானே டிரைவர். ஓடற பஸ்ஸுல டிரைவர்கிட்டப் பேசக்கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு முப்பத்தொரு வருஷம் சொன்னவ நான்."

பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நாள் காலைல தெரு மூலை போர்டைப் படிக்க முடியலை. அன்னைக்கே பஸ் சாவியைக் கொடுத்துட்டேன். கொடுன்னு யாரும் வந்து கேக்கலை. கேக்கவும் மாட்டாங்க."

நான் படகைத் துறைக்குத் திருப்பினேன்.

பஸ்ஸும் படகும் ஒண்ணா? பஸ்ஸுல நாப்பது பிள்ளைங்க. படகுல ஒரே ஒரு பல் டாக்டர். யாருக்கு என்ன நஷ்டம்? அவனும் சந்தோஷமாத்தானே போனான்!

ஆனா இந்தம்மா நாலு வருஷம் சேர்த்துட்டு வந்தது. ரெண்டு நாளைத் தின்னுட்டேன். நான்தான் தின்னேன், வாழைப்பழம் இல்லை.

பிப்ரவரி 20, மறுபடியும்

என் மனைவி வெர்னிட்டாவிடம் சொன்னேன். விடுதிச் சமையலறையில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மூணு மாசமா சர்ச்சுல பாதிரியாரைப் பார்த்துக் கையாட்டறியே, அது பாதிரியார் இல்லை. கோட்டு மாட்டற கம்பு. பாவம், பாதிரியார் அடுத்த பக்கம் நின்னு பதிலுக்குக் கையாட்டிட்டு இருக்கார்."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்னடி?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா? என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் வாய் நீளம்னு ஆரம்பிச்சிருப்ப." நண்டுக்காலை ஓங்கி உடைத்தாள். "கண்ணுல புரை. எங்கப்பாவுக்கும் வந்தது. நாசோவுல அரைமணி நேர வேலை. கழுகாருக்குத்தான் வெக்கம்."

பிப்ரவரி 21, புதன்

துறையிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "மேடம், மீன் எங்க வரும்னு எனக்குத் தெரியும். வந்தா தெரியாது." இதைச் சொல்ல எனக்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை!

"நல்லது. அப்போ நீங்க என்னைக் கூட்டிட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

தெற்குத் திட்டுக்குத் தள்ளினேன். அந்த இடத்தை நான் எந்த விருந்தாளிக்கும் காட்டியதில்லை, கிளமென்ட்டுக்கும் தெரியாது. தண்ணீர் வடிந்து அரைமணி ஆகட்டும் என்று காத்திருந்தோம். திடீரென்று அவர் மெல்லிய குரலில், "பிரெஸ்காட், பதினோரு மணி, அறுபது அடி, நம்மைப் பார்த்து வருது" என்றார். முப்பது அடிக்கு வரட்டும், அதுவரை அசையாதீர்கள் என்றேன். எனக்கு வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பிறகு நூல் ஓடுகிற சத்தம். கம்பைத் தூக்கவில்லை அவர், கையால் இழுத்தார்! நான் பரண் மேல் நின்று கூத்தாடினேன்.

நான்கு மீன். கடைசி மீனை என் கையில் கொடுத்தார், பிறகு விட்டுவிட்டோம். கையில் வந்த பிறகுதான் எனக்கு அது மீன்.

மதியச் சாப்பாட்டுக்கு, அம்மா அறையில் வைத்திருந்த இன்னொரு வாழைப்பழ ரொட்டி. ஆமாம், படகிலேயே. யாரிடமும் சொல்லக்கூடாது.

பிப்ரவரி 24, சனி

அம்மா போய்விட்டார். நேற்றோடு மொத்தம் பதினோரு மீன், அத்தனையும் அவரே பார்த்தவை. விடுதிப் புத்தகத்தில் என்ன எழுதுவாரோ என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் எழுதவில்லை. பேரும் தேதியும் போட்டு, கீழே வெற்றிடம் விட்டு, புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "மிச்சத்தை நீங்க எழுதுங்க."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

நேரே கிளமென்ட்டிடம் போனேன். கண்ணில் புரை, அக்டோபரிலிருந்து எதுவும் தெரியவில்லை, இனி பரண் ஏறமாட்டேன் என்றேன். பல் டாக்டர் கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட போய்யா! அவனுக்கும் தெரியலை, உனக்கும் தெரியலை. ரெண்டு பேரும் சந்தோஷம். இதுல உனக்கென்ன வலி?"

"ஏமாத்து வேலைய்யா அது."

"மீன் தெரியலைன்னு இதுவரை எவனாவது திரும்பிப் போயிருக்கானா? அந்த டாக்டர் அடுத்த வருஷத்துக்கு இப்பவே இடம் சொல்லிட்டான், நீதான் வேணுமாம். போர்டு வேற திங்கக்கிழமை வருது!"

படகுச் சாவியை அவன் மேசை மேல் வைத்தேன். மேசை அங்கே இல்லை. தரையில் விழுந்தது. கிளமென்ட் சிரிப்பை நிறுத்தினான்.

பிப்ரவரி 26, திங்கள்

போர்டு வந்துவிட்டது. கண்கள் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. பத்தடியில் நின்று பார்த்தேன். யாரோ ஒரு ஆள் என்பது வரை தெரிந்தது.

மார்ச் 8

நாசோ. நாளைக் காலை இடது கண். பயமா இருக்கு. வெர்னிட்டாகிட்ட சொல்லல, ஆனா கையை விடமாட்டேங்கறா.

மார்ச் 10

கட்டைப் பிரித்தார்கள். வெர்னிட்டாவுக்கு நரைத்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நீ பாதிரியாரைத் தொலைச்ச நாள்லேர்ந்து" என்றாள்.

ஏப்ரல் 2

கிளமென்ட் என்னைத் துறையில் கயிறு கட்டுகிற வேலைக்கு வைத்திருக்கிறான். இன்னும் கோபம். போர்டைக் கழற்றவும் மனசில்லை. வருகிறவர்கள் எல்லாம் போர்டைப் பார்த்துவிட்டு 'அந்தக் கழுகு எங்கே' என்று என்னிடமே கேட்கிறார்கள்.

விடுதிப் புத்தகத்தில் அந்த வெற்றிடத்தை இன்று நிரப்பினேன். 'முதல் இரண்டு நாள் இந்த அம்மாவை ஏமாற்றினேன். மீன்களைப் பார்த்தது அவர். — பிரெஸ்காட்.' கிளமென்ட் அந்தப் பக்கத்தைக் கிழிப்பான் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. உரக்கப் படிக்கவும் இல்லை.

மே 6, ஞாயிறு

சர்ச் முடிந்து வெர்னிட்டா படகை எடுத்தாள். பரண் மேல் ஏறி அவளே கழி ஊன்றினாள். என்னை முன்னால் நிற்கவைத்தாள். என் வாழ்நாளில் முதல் தடவை நான் விருந்தாளி. கையில் மின்சார டேப் சுற்றிய கம்பு. போன வாரம் மினசோட்டாவிலிருந்து தபாலில் வந்தது.

தெற்குத் திட்டில் பின்னாலிருந்து கத்தினாள்: "பத்து மணி, நாற்பது அடி! மூணு மீன்! போடுய்யா!"

பார்த்தேன். மணல், ஒரு நட்சத்திர மீன், கொஞ்சம் பாசி.

"அங்க ஒண்ணும் இல்லைடி."

பின்னால் கழி நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "தெரியும். சும்மா சொன்னேன்" என்றாள்.

அப்போதுதான் இரண்டு மணிப் பக்கம் ஒரு நிழல், அதற்கு மேலே மீன். நானே பார்த்தேன். வீசினேன். திரும்பியது, வந்தது, கடித்தது. நான் என்ன செய்தேன்? இருபத்தாறு வருடம் வந்த விருந்தாளிகளையெல்லாம் கேலி செய்த வாயோடு, கம்பை வானம் பார்க்கத் தூக்கினேன்!

பூச்சி வெறுங்கையோடு திரும்பி வந்து என் தொப்பியில் மாட்டிக்கொண்டது. வெர்னிட்டா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. பையில் வாழைப்பழம் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். மீனோ நிற்காமல் ஓடியது. மணல் முடிந்து தண்ணீர் நீலமாகிற இடம் வரை அது போனதை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றேன்.