கச்சான் காற்றை நம்பிய கார்

3 மார்ச் 1957

நம்ம கார் பந்தயத்துக்குப் போகப் போகுது, பேர் கொடுத்தாச்சு, காரைக்குடிப் பக்கம் யுத்தத்துக்காகப் போட்ட பழைய விமானத் தளத்தில், ஜூன் மாதம், யாக்கோபு அண்ணன் ஓட்ட, அக்காள்மடத்துச் சிவப்பு ரெண்டு சீட்டுக் கார்!

மீதி நாளைக்கு.

4 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒழுங்காக எழுதுகிறேன். கார் வந்த கதையை இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

அய்யா கொழும்பில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் டிரைவர். டாக்டருக்குக் கண் மங்கியதும் அவருடைய ஸ்போர்ட்ஸ் காரை அய்யாவே ஓட்டினார். பந்தயத் திடலுக்கும் கொண்டுபோவார். ஆனால் உள்ளே விடமாட்டார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று பானட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். அய்யா இறந்த மறு வருசம் டாக்டர் சீமைக்குத் திரும்பினார். போகும்போது காரை எங்கள் பேருக்கு எழுதி, கப்பலில் ஏற்றிவிட்டார். தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் வேகனில் பாம்பன் வந்து, பலகை போட்டு இறக்கினோம். வியாகுலம் மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூரை இல்லாத வண்டியா பாத்து ஏமாத்திட்டான்டா வெள்ளக்காரன்" என்றார்.

சின்ன வயதில் நாங்களும் கொழும்பில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னையும் அண்ணனையும் ஒரே சீட்டில் நெருக்கி உட்காரவைத்து, கடற்கரை ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப்போவார் அய்யா. எஞ்சினைக் கிளப்பியதும் நகர்த்தமாட்டார். "அது ஒரு தம்ளர் காப்பி குடிச்சு முடிக்கட்டும்" என்பார். அப்போது அந்தச் சத்தம் இருக்கிறதே, பக்கத்து அறையில் பெரியவர்கள் மெதுவாகப் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதிலேயே தூக்கம் வந்துவிடும்.

அந்தக் கயிற்றுக்கு உள்ளே இந்தக் காரை ஓட்டவேண்டும் என்கிறான் அண்ணன். எனக்கும் ஆசைதான். ஆசையில்லாமல் என்ன?

19 மார்ச்

ராமநாதபுரத்தில் சதக்கத்துல்லா பாய் லேத்துப் பட்டறையில் எஞ்சினின் மேல்மூடியை, அதாவது ஹெட்டை, இழைத்துக்கொண்டு வந்திருக்கிறான் அண்ணன். ஹெட்டின் அடிப்பக்கத்தை மெல்லிசாக இழைத்தால் உள்ளே இடம் குறையும், வெடிப்பு அழுத்தம் கூடும், இழுவை கூடும். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. கான்வென்டில் படித்த இங்கிலீஷ் எனக்கு இதற்குத்தான் உதவுகிறது. இழைத்தால் சூடும் கூடும் என்று அதே பக்கத்தில் போட்டிருப்பதையும் சொன்னேன்.

இழைக்க முடிந்த மட்டும் இழைக்கச் சொன்னானாம் அண்ணன். "தம்பி, இது பென்சில் இல்ல" என்றாராம் பாய். அண்ணன் அதை ஏதோ பாராட்டு மாதிரி வந்து சொல்கிறான்.

2 ஏப்ரல்

சைலன்சரைக் கழற்றியாச்சு. கார் அக்காள்மடத்தில் கிளம்பினால் பாம்பனில் கேட்கிறது. "பூசை நேரத்துல இதக் கெளப்பிப் பாரு, சாமியாருக்கு முன்னாடி நான் சாபம் விடுவேன்" என்றாள் அம்மா.

வேகம் கூடியிருப்பது நிஜம். ராமேஸ்வரம் ரோட்டில் கண்ணில் தண்ணீர் வருகிற வேகம். கத்தினேன், சிரித்தேன், இன்னொரு தடவை போகச் சொன்னேன். இதில் நானும் கூட்டுதான்.

ஆனால் நிற்கும்போது அந்தப் பேச்சுச் சத்தம் இல்லை. ஏதோ சண்டை பிடிக்கிற சத்தம். மேடு ஏறும்போது உள்ளே டொக் டொக்கென்று ஒரு தட்டல் வேறு. ஆயிலும் முன்னைவிடச் சீக்கிரம் குறைகிறது.

20 ஏப்ரல்

இன்றைக்குக் காற்றாடியைக் கழற்றினான். ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றி அதைக் குளிர வைக்குமே, அது. அதைச் சுற்றுவதற்கே எஞ்சின் கொஞ்சம் பலத்தைச் செலவழிக்கிறதாம்.

"நம்ம தீவுல காத்து என்னைக்கு நின்னுச்சு? கடக்கரைக்காரனுக்குக் காத்தாடி எதுக்கு புள்ள?"

வியாகுலம் மாமா, அம்மா, நான், யாருக்குமே அதில் தப்புத் தெரியவில்லை. ஊரில் ஒரு வீட்டிலும் விசிறி கிடையாது. இழைத்த ஹெட்டோடு இரண்டு வாரமாக வெப்ப ஊசியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன், நடுவிலேயே நிற்கிறது. இழைத்த ஹெட்டு தாங்காது என்று பயந்தது வீண்தான் போல.

12 மே

மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடித்துவிட்டது. முகத்தில் மணல்.

ஒரு சங்கதி. பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகும்போது ஊசி மேலே ஏறுகிறது. திரும்பி வரும்போது இறங்குகிறது. அதே ரோடு, அதே வேகம். ஏன்?

13 மே

தெரிந்துவிட்டது! கிழக்கே போகும்போது கச்சான் முதுகில் அடிக்கிறது. காற்றும் ஓடுகிறது, காரும் கூடவே ஓடுகிறது. ரேடியேட்டரில் மோத எதுவும் இல்லை. திரும்பும்போது எதிர்க்காற்று, அதனால் குளிர்கிறது. இத்தனை நாளும் காரைக் காப்பாற்றியது காற்றுதான். உள்நாட்டில் அதற்கு எங்கே போவது?

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சிரித்தான்.

"பின்காத்துல படகு பறக்கும், காரு மட்டும் காயுமா? எந்த ஊரு ஞாயம் இது?"

படகுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பந்தயம் முடியட்டும், காற்றாடியை நானே மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மாமாவும் அவன் பக்கம். பிறந்ததிலிருந்து பின்காற்றைக் கும்பிடுகிறவர்கள்.

27 மே

மறுபடி சொன்னேன். ஊசி பொய் சொல்கிறதாம்.

8 ஜூன்

நாளை விடியும் முன் பாம்பனில் காரை ரயில் வேகனில் ஏற்றி, பாலம் தாண்டி மண்டபத்தில் இறக்கி, அங்கிருந்து ரோட்டில். நானும் போகிறேன். அம்மா வேண்டாம் என்றாள். மீட்டரைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அண்ணனே சொல்லிவிட்டான். ஊசியை நம்பாதவன் அதைப் பார்க்க என்னைக் கூட்டிப்போகிறான்! இதற்குமேல் நான் என்ன கேட்பேன்? இன்று பானட்டை நான்தான் துடைத்தேன்.

9 ஜூன்

முடிஞ்சுபோச்சு.

எல்லாம் போச்சு. என்ன எழுத.

10 ஜூன்

ராமநாதபுரத்தில் சதக்கத்துல்லா பாய் வீட்டில் இருக்கிறோம். அவர் மனைவி சாப்பிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எழுதினால் கொஞ்சம் ஆறும்.

தேவிபட்டினம் வரை கடல் காற்று இருந்தது, ஊசியும் நடுவில் நின்றது. அண்ணன் பாடிக்கொண்டே வந்தான். ஆர்.எஸ்.மங்கலத்தில் பெரிய கண்மாய்க் கரைக்குக் கீழே ரோடு போகிறது. அங்கே ஒரு மாட்டு மந்தை குறுக்கே நின்றது. கரை அத்தனை உயரம், ஒரு இலை அசையவில்லை. கார் உறுமிக்கொண்டே நின்றது. ஊசி போச்சு, போச்சு, கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கிட்டது. அண்ணே அணைச்சிருண்ணே, அணைச்சிருண்ணேன்னு கத்துறேன். அணைத்தால் சூட்டில் மறுபடி கிளம்பாது, நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள் என்றான். மாடு விலகியதும் கியரைப் போட்டு ஒரே மிதி மிதித்தான்.

கரை முடியவில்லை. அதற்குள் ரேடியேட்டர் மூடி தெறித்தது. அந்த டொக் டொக் ஒரு நொடி பெரிதாகக் கேட்டது, பிறகு ஒரு முறுக்கல், அப்புறம் சத்தமே இல்லை. சக்கரம் இறுகி, கார் இழுபட்டு நின்றது. ஒரே ஆவி. அண்ணன் ஸ்டீயரிங்கை விடவே இல்லை.

மந்தைக்குப் பின்னால் மாட்டு வண்டியில் வந்த மாட்டுக்காரர் பேர் சோணைமுத்து. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னோம். "அங்கன தண்ணியில ஓடுற வண்டியாப்பா? கொண்டாந்து கரைக்கு அடியில விட்டா எப்புடி? இங்கன மாடே மூச்சு விடாது, காத்தெல்லாம் மேலயே போயிரும்." சொல்லிக்கொண்டே வண்டி மாட்டை அவிழ்த்து எங்கள் காரில் பூட்டினார். அண்ணன் பின்னாலிருந்து தள்ளினான். பந்தயத்துக்குக் கட்டிய நம்பர் துணி பானட்டில் அப்படியே இருந்தது. ரோட்டில் போன பிள்ளைகள் அதைச் சத்தமாக வாசித்தார்கள்.

காரை ஏற்ற ராமநாதபுரம் லாரி ஒன்று வந்தது. ஏறும்போது அண்ணன் சொன்னான்.

"அய்யா பன்னெண்டு வருசம் ஓட்டுனாரு. என் கையில மூணு மாசம்."

அவனைத் திட்ட எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, பானட்டிலிருந்த நம்பர் துணியை அவிழ்த்து மடித்தேன்.

25 ஜூலை

சந்தியாகப்பர் திருநாள். அய்யா பேர் கொண்ட புனிதரின் நாள். வேர்க்காட்டுக் கோயிலுக்கு அண்ணன் வரவில்லை. கார்மேல் பழைய படகுப் பாய்த்துணியைப் போர்த்திவிட்டான்.

3 செப்டம்பர்

அண்ணன் ராமநாதபுரத்தில் பஸ் டிரைவராகச் சேர்ந்துவிட்டான். கிளப்பியதும் பஸ்ஸை நகர்த்துவதில்லையாம், கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் எடுக்கிறானாம். பிரயாணிகள் திட்டுகிறார்கள் என்று மாமா வந்து சொன்னார்.

14 அக்டோபர்

பாய்த்துணியை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

2 நவம்பர்

ஹெட்டைத் திறந்துவிட்டேன். மாமாவும் நானும் சேர்ந்து தூக்கினோம். நடுவில் வளைந்துபோயிருக்கிறது. ஒரு பிஸ்டனின் தலை மெழுகுவர்த்தி மாதிரி உருகி வழிந்திருக்கிறது. முதலில் அழுதேன். அப்புறம் ஆச்சரியமாக இருந்தது. இந்த மாதிரி ஆனபிறகும் கரைக்குக் கீழே அவ்வளவு தூரம் எங்களைக் கொண்டுபோயிருக்கிறதே.

18 ஜனவரி 1958

அண்ணன் லீவில் வந்தான். நான் பிஸ்டன் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த ஸ்பானரு அதுக்கு இல்ல புள்ள" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

6 ஆகஸ்ட் 1958

கார் ஓடுகிறது! மெட்ராஸில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து இழைக்காத ஹெட்டு வந்தது, பிஸ்டனும் சைலன்சரும் வந்தன. காற்றாடி உட்பட எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடி. ஆனால் சத்தம் சரியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும் என்கிறான் அண்ணன். இல்லை, இப்படித்தான் என்கிறேன் நான். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து கேட்ட சத்தம்!

அதனால் ஒரு மோட்டார் பத்திரிகைக்கு அனுப்ப இதை எழுதியிருக்கிறேன். அண்ணன் படித்துப் பார்த்து, கீழே நான் போட்டிருந்த தன் பேரை அடித்துவிட்டு, என் பேரைப் போட்டான்:

"படத்தில் காணும் இதே இரண்டு சீட்டுக் காரை, எதையும் இழைக்காமல் கழற்றாமல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். முன்பு வைத்திருந்தவர்கள், ஓட்டியவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் யாரானாலும் சரி, நின்ற இடத்தில் அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். வண்டியோடு வர முடிந்தால் மண்டபம் வரை வந்தால் போதும். எங்கள் காரை வேகனில் ஏற்றி நாங்கள் எதிரே வருகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஓடவிட்டுக் கேட்போம். — லீமாரோஸ், அக்காள்மடம், பாம்பன் தபால்."